தேர்க்காலும் டெம்போவும்: விபத்து இழப்பீட்டின் கதை

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தது. வங்கி வேலை, வருட முடிவுக் கணக்கு, பையனின் பரீட்சை என்று தள்ளிப் போய்விட்டது. போன வாரம் அண்ணாச்சி கிளைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டார். அது என்ன கேள்வி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அன்றைக்கு ராத்திரியே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தச்சு வேலை, புனேக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கட்கி, ராஸ்தா பேட் பக்கம் இருக்கிற நம்ம ஆட்கள் வீட்டில் பாதிப் பேருடைய பூஜை அலமாரி அவர் கைவேலைதான். 2016 ஜூலையில் என் வீட்டுப் பூஜை அலமாரிக்கு அளவெடுக்க அவரை என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மழை. நவலே பாலம் தாண்டி நர்ஹே பக்கம் திரும்பும்போது பின்னால் வந்த டெம்போ அடித்தது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது. அவருக்கு வலது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று. கூடவே வலது மணிக்கட்டும்.

(புனேயில் இருப்பவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கட்ரஜ் புது சுரங்கத்திலிருந்து பாலம் வரைக்கும் ஒரே இறக்கம். 2022 நவம்பரில் ஒரே ராத்திரியில் நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் மோதிக்கொண்டதே, அதே இடம்தான்.)

அண்ணாச்சியின் வழக்கை எடுத்தவர் சிவாஜிநகர் கோர்ட்டில் முப்பது வருடத்துக்கும் மேலாக விபத்து வழக்கு மட்டுமே நடத்துகிற ஒரு மராத்திக்காரர். நான் அவரை வகீல் சாஹேப் என்பேன், அவர் என்னை பேங்க்வாலே சாஹேப் என்பார். வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு வெளியே கட்டிங் சாய் குடித்துக்கொண்டே அவர் சொன்ன கதைகளும், அதற்குப் பிறகு நானாகத் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இது. நான் பி.காம். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தச் சட்டத்துக்குள் பாதி கணக்குதான் இருக்கிறது என்று தெரிந்ததும் ருசி தட்டிவிட்டது.

முதலில் நம்ம ஊர்க் கதை ஒன்று. தமிழனுக்குத் தெரிந்த முதல் சாலை விபத்து வழக்கு திருவாரூரில் நடந்தது. மனுநீதிச் சோழன் மகனுடைய தேர்க்காலில் கன்று அகப்பட்டுச் செத்தது, பசு மணி அடித்தது, ராஜா தன் மகனையே தேர்க்காலில் இட்டான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலையே இருக்கிறது. வகீல் சாஹேபிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, பசுவுக்கு என்ன கிடைத்தது?" என்றார். நான் முழித்தேன். புராணத்தில் சிவபெருமான் வந்து கன்றை எழுப்பிக் கொடுத்துவிடுகிறார். சிவபெருமான் வராத வழக்குகளில் என்ன செய்வது என்பதுதான் அவர் தொழில்.

வெள்ளைக்காரன் ஊரிலும் ரொம்ப நாள் இதே கதைதான். ஆளைக் கொன்ற பொருள் எதுவோ, வண்டியோ மாடோ, அது ராஜாவுக்குச் சேரும் என்று இங்கிலாந்தில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. செத்தவன் பெண்டாட்டிக்கு ஒன்றும் கிடையாது. 1808-ல் ஒருவர் மனைவியோடு குதிரை வண்டியில் போனார். வண்டி கவிழ்ந்தது. மனைவி ஒரு மாதம் கிடந்து இறந்துபோனாள். நீதிபதி எல்லன்பரோ பிரபு சொன்ன தீர்ப்பு: அவள் உயிரோடு இருந்த அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் கணவன் நஷ்டஈடு கேட்கலாம், அவள் செத்ததற்குக் கேட்க முடியாது. அதாவது வண்டிக்காரன் பார்வையில் ஆளைக் காயப்படுத்துவதைவிடக் கொன்றுவிடுவது லாபம்! இந்த விபரீதத்தோடு நாற்பது வருடம் ஓட்டினார்கள். ரயில் வந்தது, ஒரே விபத்தில் பலர் சாக ஆரம்பித்தார்கள், அப்புறம்தான் 1846-ல் கேம்பெல் பிரபு பெயரால் ஒரு சட்டம் வந்தது. செத்தவன் குடும்பம் நஷ்டஈடு கேட்கலாம் என்றது. ராஜாவுக்கு வண்டியை எடுத்துக்கொடுக்கிற வழக்கத்தையும் அதே வருடம் ஒழித்தார்கள்.

இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையில் 1853-ல் ஓடியது. இரண்டே வருடத்தில், 1855-ல், அந்த ஆங்கிலச் சட்டத்தின் அச்சு இங்கே வந்துவிட்டது. கொடிய விபத்துகள் சட்டம் என்று பெயர். சிப்பாய்க் கலகத்துக்கும் முந்தின சட்டம், யோசித்துப் பாருங்கள். ஆனால் சட்டம் இருந்து என்ன? சிவில் கோர்ட்டில் கேட்கிற தொகைக்குத் தக்கபடி ஸ்டாம்ப் கட்டணம் கட்ட வேண்டும். கையில் காசு இருக்கிறவனுக்குத்தான் நஷ்டஈடு கேட்கவே வசதி.

1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதில் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்கிற அத்தியாயத்தை மட்டும் உடனே அமலாக்காமல் வைத்திருந்து, 1946 ஜூலை 1-ல்தான் கொண்டுவந்தார்கள். இந்த 'மூன்றாம் நபர்' யார் என்று நம்மில் பலருக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. வண்டிக்காரர் ஒருவர், இன்ஷூரன்ஸ் கம்பெனி இன்னொருவர், அடிபட்டு ரோட்டில் கிடப்பவர் மூன்றாமவர். நாம் பிரீமியம் கட்டுவது நமக்காக இல்லை, முகம் தெரியாத அந்த ஆளுக்காக. இந்த விஷயம் பிற்பாடு என் கழுத்துக்கே வந்தது, அங்கே சொல்கிறேன்.

1956 திருத்தத்தில்தான் விபத்துக்கென்று தனித் தீர்ப்பாயம் அமைக்க வழி வந்தது. ஸ்டாம்ப் கட்டணத்தின் பயம் போயிற்று. இன்றைக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிற மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களின் பிறப்பு அதுதான். ஆனாலும் தவறு எதிராளியுடையது என்று நிரூபிக்கிற சுமை அடிபட்டவன் தலையில்தான். பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அந்தச் சுமை தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தது. 1977-ல் உச்ச நீதிமன்றம், மினு மேத்தா வழக்கு என்று பெயர், அதெல்லாம் முடியாது, கவனக்குறைவை நிரூபித்தே ஆக வேண்டும் என்று திருப்பிவிட்டது.

அடுத்து வந்தது நம்ம தமிழ்நாட்டு வழக்கு. வகீல் சாஹேபுக்கு இது மனப்பாடம். பெயரைத்தான் பாவம் என்னென்னமோ சொல்வார். என்.கே.வி. பிரதர்ஸ் என்ற பஸ் கம்பெனிக்கும் கருமை அம்மாள் என்பவருக்கும் நடந்தது. (ஊரில் கருமாயியாக இருந்திருக்கும், இங்கிலீஷ் எழுத்தில் கருமை ஆகியிருக்கும் என்பது என் ஊகம்.) இருட்டின பிறகு ஓடிக்கொண்டிருந்த பஸ், தாழ்வாகத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. அடிபட்டவர்கள் 26 பேர், அதில் 8 பேர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். முன்னால் கம்பி தொங்குகிறது என்று உள்ளே இருந்தவர்கள் கத்தியும் டிரைவர் நிறுத்தவில்லை. கிரிமினல் வழக்கில் என்ன ஆயிற்று தெரியுமா? தெய்வச் செயல் என்று சொல்லி டிரைவரை விடுதலை செய்துவிட்டார்கள். கம்பெனி அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த வாதத்தைத் தூக்கிப் போட்டார். கிரிமினல் வழக்கில் தப்பித்தவன் நஷ்டஈட்டு வழக்கிலும் தப்பித்தான் என்று ஆகாது, இரண்டுக்கும் அளவுகோல் வேறு என்றார். சில்லறை சந்தேகத்துக்கெல்லாம் அடிபட்டவர்களை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள், போதுமான தீர்ப்பாயங்களை வையுங்கள், சீக்கிரம் முடியுங்கள் என்றும் சொன்னார். அந்த எட்டுக் குடும்பத்துப் பெண்கள் விடாமல் நடந்த நடைதான் இன்றைக்கு நாடு முழுக்க விபத்து வக்கீல்கள் கையில் எடுக்கிற ஆயுதம். எங்கேயோ ஒரு தமிழ்க் கிராமத்து அம்மாள் பெயரைச் சொல்லி மராத்தி வக்கீல் வாதாடுவதை சிவாஜிநகர் கோர்ட்டில் உட்கார்ந்து கேட்கும்போது எனக்குச் சிலிர்த்தது.

இரண்டு வருடத்தில், 1982-ல், தவறு யாருடையது என்று பார்க்காமலே உடனடித் தொகை என்று ஒரு பிரிவு வந்தது. சாவுக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500. 1988-ல் புதுச் சட்டம் வந்து அது 25,000, 12,000 ஆனது, 1994-ல் 50,000, 25,000. இப்போது 2022 ஏப்ரல் முதல் அந்த ஏற்பாடே மாறி, தவறை நிரூபிக்காமல் கேட்டால் சாவுக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம்.

1994 திருத்தத்தில் நம்மைப் போல வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கென்றே வந்த மாதிரி ஒன்று உண்டு. அதற்கு முன்னால் விபத்து எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் மனு போட வேண்டும். இப்போது நாம் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற ஊரிலேயே போடலாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது கிருஷ்ணகிரி பக்கத்தில் அடிபட்டால் புனேயிலேயே வழக்குப் போடலாம், கிருஷ்ணகிரிக்கு வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏற வேண்டாம். அதே 1994-ல் மனு போட ஆறு மாதக் கெடு என்று இருந்ததையும் எடுத்தார்கள். சந்தோஷப்பட வேண்டாம், 2019 திருத்தத்தில் அந்தக் கெடுவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள், 2022 ஏப்ரலிலிருந்து அமல். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். வீட்டில் யாருக்காவது அடிபட்டால் வழக்கு ஜெயிக்கிறதை நம்பிக்கொண்டிராமல் ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள்.

சரி, எங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஒரு ஆள் வந்துவிட்டான். நல்ல இந்தி பேசினான். "ஒரு பைசா தர வேண்டாம், வருகிறதில் இருபது பர்சென்ட் கொடுத்தால் போதும், இங்கே ஒரு கையெழுத்து" என்று வக்காலத்து நாமாவை நீட்டினான். அண்ணாச்சிக்கு வலது கை கட்டில் இருந்ததால் தப்பித்தோம் :) வகீல் சாஹேபிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சிவந்துவிட்டது. ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசுவது அமெரிக்காவில் சகஜம், இங்கே தொழில் ஒழுக்கக் குற்றம். 1954-லேயே உச்ச நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. மீட்கிற தொகையில் பாதி என்று கட்சிக்காரரிடம் எழுதி வாங்கிய ஒரு சீனியர் வக்கீல் மேல் பம்பாயில் எடுத்த நடவடிக்கை. தீர்ப்பில் அவர் பெயரைப் போடாமல் 'மிஸ்டர் ஜி' என்றே விட்டிருக்கிறார்கள். பிறகு 2017 டிசம்பரில் இன்னொன்று, இது விபத்து இழப்பீட்டிலேயே. தெலங்கானாவில் கணவனை விபத்தில் இழந்த பெண்மணி, வக்கீல் பங்கு பேசிய பீஸுக்காகக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. வக்கீல் செக் மோசடி வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது, பங்கு பேசிய பீஸே சட்ட விரோதம், அதற்குக் கொடுத்த செக் எப்படிக் கடனுக்கான செக் ஆகும் என்று. செக்கோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடித்தது.

வகீல் சாஹேப் பீஸை மூன்று தவணையாகச் சொன்னார், ரசீது கொடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்கள் வழக்கை நான் எடுக்கமாட்டேன். நீங்கள் வேறு வக்கீலைப் பாருங்கள்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவரைக் கண்டுபிடித்ததே நான். அவர் நிதானமாகக் கேட்டார்: "திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டீர்களா?"

எனக்குப் பதில் வரவில்லை.

"அதுதான் காரணம். நாளைக்கு டெம்போவின் இன்ஷூரன்ஸ் வக்கீல் உங்களைத்தான் கேட்பார். உங்கள் தவறும் உண்டு என்று ஆனால், உங்கள் பின்னால் உட்கார்ந்தவருக்கு நீங்களும் எதிராளி. எதிராளிக்கும் அவருக்கும் நான் ஒருவனே வக்கீலாக இருக்கக் கூடாது."

அடுத்த கேள்வி அதைவிட மோசம். "உங்கள் ஸ்கூட்டருக்கு என்ன பாலிசி?"

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தினமும் நாலு பேருக்கு இன்ஷூரன்ஸ் போடச் சொல்லிப் பேசுகிற ஆபீசர், பழைய வண்டிதானே என்று சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போட்டிருந்தேன். அந்தப் பாலிசியில் பின்னால் உட்காருகிறவர் மூன்றாம் நபர் கணக்கில் வரமாட்டார் என்று 2006-ல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முழுப் பாலிசியாக இருந்தால் அவருக்கும் சேரும். அதாவது தவறில் என் பங்கு என்ன என்று கோர்ட் சொல்கிறதோ, அந்தப் பங்கு அண்ணாச்சிக்கு என் சட்டைப் பையிலிருந்துதான் போக வேண்டும்.

இங்கே சட்டத்தில் ஒரு நுணுக்கம். அடிபட்டவனே கொஞ்சம் தவறு செய்திருந்தால் அவன் பங்கைக் கழித்துக்கொண்டு கொடுப்பார்கள். என் வழக்கு அந்த ரகம். அடிபட்டவன் மேல் தவறே இல்லாமல், இரண்டு வண்டிக்காரர்களும் சேர்ந்து தவறு செய்திருந்தால், அவன் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வாங்கலாம், அவர்கள் தங்களுக்குள் பிற்பாடு தீர்த்துக்கொள்ளட்டும். அண்ணாச்சி வழக்கு இந்த ரகம். 2015-ல் கென்யே என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறது. இருவரையும் சேர்த்துக் கேட்டாலும் சரி, ஒருவரை மட்டும் கேட்டாலும் சரி.

வகீல் சாஹேப் என்னை வெளியே அனுப்பிவிட்டு அண்ணாச்சியிடம் தனியாகப் பேசினார். என்னையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார், அது அவர் கடமை. அண்ணாச்சி என்ன சொன்னார் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. மனு நகல் வந்தபோது பார்த்தேன், டெம்போ முதலாளி, டெம்போவின் இன்ஷூரன்ஸ் கம்பெனி, இரண்டே பெயர்.

வருமானத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். இருபது வருடம் ரொக்கமாக வாங்கி ரொக்கமாகச் செலவழித்த மனிதர். என் கிளையிலேயே அவருக்குக் கணக்கு இருந்தது, அதில் போட்டு எடுத்தது சொற்பம். இருந்தது ஒரே ஒரு நோட்டு. கட்டில், ஜன்னல், அலமாரி என்று அடி அங்குல அளவோடு, யார் வீடு, எவ்வளவு அட்வான்ஸ், எவ்வளவு பாக்கி என்று பென்சிலில் தமிழில் எழுதியது. வகீல் சாஹேப் அதைப் பார்த்ததும் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டார். தமிழ் படிக்கத் தெரியாத அண்ணாச்சி பையன் வாசலில் நிற்க, நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 2014, 2015 பக்கங்களை நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். 'ரா.பேட் மாமி ஊஞ்சல், பாக்கி 1,200, கேக்க வேண்டாம்' என்று ஒரு வரி. அதையும் அப்படியே மொழிபெயர்க்கச் சொன்னார், வரி விடக்கூடாது, விட்டால் மற்றதையும் நம்பமாட்டார்கள் என்று.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் என் பி.காம். படிப்புக்கு அவமானம். 1942-ல் இங்கிலாந்தில் ஒரு சுரங்க விபத்து வழக்கில் தெளிவான முறை: வருடத்துக்கு இவ்வளவு நஷ்டம், அதை ஒரு எண்ணால் பெருக்கு. அந்த எண் நிஜத்தில் வட்டிக் கணக்குதான். 18-ஆல் பெருக்கினால், அந்தத் தொகையைச் சுமார் ஐந்தரை சதவீத வட்டிக்குப் போட்டால் வருட வருமானம் வந்துவிடும் என்று அர்த்தம். இங்கே ஆளுக்கொரு எண் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1994-ல் சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெருக்கல் முறைதான் சரி என்றது. அதே வருடம் பார்லிமெண்ட் சட்டத்திலேயே ஒரு அட்டவணை போட்டது. அந்த அட்டவணையில் கூட்டல் பெருக்கலே தப்பு என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது! எங்கள் வங்கியில் இப்படி ஒரு வவுச்சர் போட்டிருந்தால் மெமோ வந்திருக்கும். கடைசியில் 2009-ல் சரளா வர்மா வழக்கில் வயதுவாரியாக எண் நிலைத்தது. 25 வயது வரை 18, அங்கிருந்து ஐந்து வருடத்துக்கு ஒன்று குறைந்து, 41 முதல் 45 வரை 14, 46 முதல் 50 வரை 13. அதற்கு மேல் இரண்டிரண்டாகக் குறையும்.

உடல் காயத்துக்கு இன்னும் ஒரு சிக்கல். மும்பை வக்கீல் ஒருவருக்கே இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோன ஹட்டங்கடி வழக்கில், 1995-ல், காசாகக் கணக்கிடக்கூடிய நஷ்டம் வேறு, வலி, வாழ்க்கைச் சுகம் போனது வேறு, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். பிறகு 2010-ல் ராஜ்குமார் வழக்கு. டாக்டர் சர்டிபிகேட்டில் போட்டிருக்கிற சதவீதம் வேறு, சம்பாதிக்கிற சக்தி குறைந்த சதவீதம் வேறு என்றார்கள். இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போயிற்று, அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை போகாது என்று உதாரணமே அதில் தச்சரைச் சொல்லியிருந்தது. என் சர்டிபிகேட்டில் 12 சதவீதம், ஆனால் மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது, என் வருமான இழப்பு பூஜ்யம். அண்ணாச்சிக்கு 22 சதவீதம். குத்துக்காலிட்டு உட்கார முடியாது, இழைப்புளியை அழுத்திப் பிடிக்க மணிக்கட்டில் வலு இல்லை. அவருக்கு 40 என்று வகீல் சாஹேப் வாதாடினார். வழக்கு நடந்துகொண்டிருந்த 2018-ல் ஜகதீஷ் என்ற தச்சர் வழக்கில் தீர்ப்பு வந்தது, இரண்டு கையும் வழங்காமல் போன இருபத்து நாலு வயதுப் பையன். சொந்தத் தொழில் செய்கிறவனுக்கும் எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்க வேண்டும் என்று. அந்த நகலை வகீல் சாஹேப் எனக்கு நீட்டியபோது, "உங்கள் தச்சரின் தம்பி" என்றார்.

நடுவில் லோக் அதாலத். 1982-ல் குஜராத்தில் ஊனா என்கிற ஊரில் தொடங்கிய ஏற்பாடு. உட்கார்ந்து பேசி அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம், மேல் முறையீடு கிடையாது. இன்ஷூரன்ஸ் தரப்பு ஐந்தரை லட்சம் என்றது. அண்ணாச்சிக்கு அப்போது வட்டிக் கடன் மட்டுமே ஒன்றரை லட்சம், மகளுக்குக் காலேஜ் பீஸ். "வாங்கிட்டுப் போயிருவோமா தம்பி?" என்றார். கணக்குத் தெரிந்த எனக்கு அது பாதிக்கும் கீழே என்று தெரியும். ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இழுத்தடித்து, கடைசியில் தோற்றால்? அதைவிட, அன்றைக்கே முடிந்துவிட்டால் நான் கூண்டில் ஏற வேண்டியதில்லை என்பதும் என் மனதில் இருந்தது. வேண்டாம் என்றுதான் சொன்னேன். வட்டிக் கடனை என் பெயரில் பர்சனல் லோன் எடுத்து அடைத்தோம். என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

2019-ல் சாட்சி சொன்னேன். இன்ஷூரன்ஸ் வக்கீல் இளைஞர், மரியாதையாகத்தான் கேட்டார். இண்டிகேட்டர் போட்டீர்களா? போட்டேன் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுக்க முடியாது. அண்ணாச்சி பின் பெஞ்சில் கம்பை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஞாபகம் இல்லை" என்றேன். அதுதான் உண்மை. இன்றைக்கு வரைக்கும் ஞாபகம் இல்லை.

அப்புறம் கொரோனா. கோர்ட் மூடியது. 2021 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மாத வருமானம் 12,000 என்று நோட்டை வைத்து ஒப்புக்கொண்டார்கள், எதிர்கால உயர்வு 25 சதவீதம் சேர்த்து 15,000. அதில் 40 சதவீதம் இழப்பு 6,000. வருடத்துக்கு 72,000, விபத்தின்போது வயது 42, அதனால் 14-ஆல் பெருக்கி 10,08,000. மருத்துவச் செலவு, படுத்திருந்த எட்டு மாதம், வலி எல்லாம் சேர்த்து 14,44,000, மனுத் தேதியிலிருந்து வட்டி. டெம்போவின் கம்பெனி முழுவதையும் கொடுக்க வேண்டும். என் மனுவில் தவறில் எனக்கு 20 சதவீதம் பங்கு என்று கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். அந்த இருபது சதவீதத்தை அண்ணாச்சி கணக்கில் என்னிடம் வசூலிக்கக் கம்பெனி தனியாக வழக்குப் போடலாம். இதுவரை நோட்டீஸ் வரவில்லை.

இரண்டு சக்கர வண்டி புதிதாக வாங்கினால் ஐந்து வருடத்துக்குச் சேர்த்து மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் என்று 2018 செப்டம்பரிலிருந்து இருக்கிறதே, அது யாரால் வந்தது தெரியுமா? கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், கங்கா ஆஸ்பத்திரிக்காரர், 2012-ல் போட்ட பொதுநல வழக்கில் வந்த உத்தரவு. தினமும் உடைந்த காலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் கோர்ட்டுக்குப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். நான் இப்போது முழுப் பாலிசி போட்டிருக்கிறேன்.

கடைசியாக அந்தக் கேள்வி. சூசம்மா தாமஸ் தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு, வங்கிக்காரர்களுக்கானது. படிப்பறிவில்லாதவர், சிறுவர், விதவை கையில் மொத்தமாகக் கொடுத்தால் சொந்தக்காரனும் கடன்காரனும் பிடுங்கிவிடுவான், ஆகவே வங்கியில் நீண்ட கால வைப்பாகப் போடு, வட்டியை மட்டும் மாதாமாதம் கொடு, அதன் மேல் கடன் தராதே. டெல்லி உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் வழியாக இதற்கென்றே 36 முதல் 120 மாதம் வரை தவணையாகத் தருகிற வருடாந்திர வைப்புத் திட்டமும் வந்திருக்கிறது. அண்ணாச்சி தொகையில் கொஞ்சம் கையில், மீதி ஒன்பது லட்சத்தை மூன்று வைப்பாகப் போடச் சொன்னது தீர்ப்பாயம். போட்டது என் கிளையில். முதல் வைப்பு முதிர்ந்து வாங்கிவிட்டார்.

போன வாரம் வந்து, மகள் கல்யாணம் கூடியிருக்கிறது, மற்றதையும் உடைத்துக் கொடு என்றார். தீர்ப்பாயத்தின் அனுமதி இல்லாமல் உடைக்க முடியாது, லோனும் கிடையாது, ரசீதின் மேலேயே முத்திரை இருக்கிறது என்று காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முத்திரையைப் படித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம் தம்பி, வண்டியில ஏத்திட்டுப் போயி கால ஒடச்சதும் நீ. இப்பம் எந் துட்ட எனக்கே தர மாட்டேங்கறதும் நீயா?"

பக்கத்துக் கவுண்டர் மராத்திப் பெண் என்ன என்று எட்டிப் பார்த்தாள். நான் வகீல் சாஹேபுக்கு போன் போட்டேன். கல்யாணச் செலவு என்று மனுப் போட்டால் ஒரு வைப்பை விடுவிப்பார்கள், பத்திரிகை அச்சடித்ததும் கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார். அண்ணாச்சி எழுந்து, கம்பை ஊன்றி, வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "ஆமா, ஒம் பூச அலமாரி அளவு இன்னும் எடுக்கலயே. ஞாயித்துக்கெழம வாரேன். ஆட்டோவுல வாரேன்" என்றார்.